அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது

மே 4

வெளிநாட்டுப் பண்ணையில் தங்கி வேலை பழகும் இந்தத் திட்டத்தில் வந்தவர்கள் எல்லாரும் தினமும் செய்த வேலையை ஆங்கிலத்தில் எழுதி மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும். அதில் நான் எழுதுவது இதுதான்: "மரத்தடியில் களை எடுத்தேன். ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் கொடுத்தேன். குடும்பத்தார் அன்பானவர்கள்." மூன்றும் உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்குக் கோபமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. அதனால் இது தனி நோட்டு.

நார்வே. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து வந்திருக்கிறது. அதன் கரைச் சரிவில் ஆப்பிள் தோட்டம், தோட்டத்துக்கு மேலே வீடு. வீட்டுக்காரர் ஓட்வார், அறுபத்திரண்டு வயது, வாயைத் திறந்தால் வரி போடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி இருப்பார். அவர் மனைவி டோருன். பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள். நான் ஆறு மாதம் இவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, இவர்கள் மேசையில் சாப்பிட்டு, இவர்களோடு தோட்ட வேலை செய்ய வேண்டும். அறுபது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு புரளவில்லை. 'மேடம்' என்றேன். "நான் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. டோருன் என்று சொல்" என்றார். இன்றுதான் முதல்முறை சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. ஊரில் அப்போது மணி நான்கு. அதுதான் எனக்கும் அம்மாவுக்கும் பேசும் நேரம். என் படத்தைத் தொட்டால் எனக்குப் போன் வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் தவறாமல் தொடுகிறாள். அம்மா பெயர் பவுன்தாய். இருபது வருடம் எங்கள் ஊர் தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்தவள். இரண்டு வருடமாக இதயத்தில் வால்வு சரியில்லை, வேலைக்குப் போவதில்லை. அவளை இப்படி விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுதான் நின்றேன். "நான் என்ன நாளைக்கேவா சாகப் போறேன்? படிச்ச படிப்புக்கு ஒரு எடத்தப் பாத்துட்டு வாடி" என்று தள்ளிவிட்டாள்.

அக்டோபர் முப்பத்தொன்றில் திரும்புகிற விமானம். அதுவரை தினமும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

மே 17

இன்று இந்த நாட்டின் பெரிய நாள். வீட்டுக்கு வீடு முற்றத்தில் வெள்ளைக் கம்பம் இருக்கிறது, கொடி இருக்கிறது. ஓட்வார் கயிற்றை என் கையில் கொடுத்தார். பாதி ஏறியதும் உருளையில் சிக்கிக்கொண்டது. "ஒரு வெட்டு வெட்டி இழு" என்று கையால் காட்டினார். வெட்டி இழுத்தேன், சரசரவென்று போனது. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும்கூட வீட்டுக் கம்பத்தில் கொடி ஏற்றுவார்களாம்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தத் துணிய வருசத்துக்கு எத்தன தடவ தொவைக்கணும்?" என்று கேட்டாள்.

ஜூன் 22

காய் உதிர்க்கும் வேலை. ஒரு கொத்தில் ஐந்து பிஞ்சு இருந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட வேண்டும். அப்போதுதான் அந்த ஒன்று பெருக்கும். நாள் முழுக்க நல்ல பிஞ்சுகளைக் கீழே போட்டுக்கொண்டே போவது பாவம் செய்கிற மாதிரி இருக்கிறது.

"நல்ல காயப் புடுங்கிப் போடச் சொல்றானா? கிறுக்கனாடி அவன்?"

"இல்லம்மா, அதான் மொறை. காலேஜ்லயே சொல்லிக் குடுத்துருக்காங்க."

"காலேஜ்லயும் கிறுக்கனுகதானா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நான் சிரித்து முடித்த பிறகும் அந்த இரைப்பு நிற்கவில்லை.

"ஏம்மா இப்பிடி எரைக்குது?"

"மாடிப்படி ஏறுனேன்டி."

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

ஜூலை 30

அம்மா இரண்டு நாள் தேனியில் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அண்ணன் சொன்னான். அண்ணன் தங்கேஸ்வரன் சரக்கு வேன் ஓட்டுகிறான். இரண்டு நாளும் அம்மா போனில் என்னோடு பேசியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதானாம். பின்னால் கேட்ட சத்தத்தை டிவி என்றாள், நானும் நம்பினேன்.

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? அங்கிட்டு ஒத்தையில உக்காந்து அழுவ. அதுக்குத்தான் சொல்லல."

எங்கள் குடும்பத்துக்கு இது பழக்கம். தாத்தா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டு, கடைசிப் பரீட்சை எழுதி வந்த பிறகு சொன்னார்கள். தாத்தாவைப் புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். யாரையும் திட்டவும் முடியாது.

நான் கிளம்பி வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அரைகொறையா விட்டுட்டு வந்தேன்னு வையி, ஒங்கூடப் பேசவே மாட்டேன் பாத்துக்க." அவள் பேச மாட்டேன் என்றது எனக்குப் பயமாக இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

செர்ரி முடிந்தது. பத்து விரலும் கறுப்பு. அம்மா இன்று நன்றாகப் பேசினாள்.

செப்டம்பர் 8

ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் வேலை. கோடை முழுக்க ஆடுகளைக் காவல் இல்லாமல் மலையில் மேய விட்டுவிடுகிறார்கள். செப்டம்பரில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஏறி, வளைத்து, கீழே ஓட்டிவருகிறார்கள். நேற்றுக் காலை ஏறினோம். மேலே ஒரு மரக்குடிலில் தங்கல். போனில் சிக்னல் கிடையாது. இரண்டு நாள் பேச முடியாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "சரி சரி, ஆடு பத்திரம்" என்றாள். மகள் பத்திரம் இல்லையாம்.

நூற்றுப்பத்து ஆடுகள், ஒன்றுகூடத் தவறவில்லை. ஓட்வார் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

கீழே வந்து சிக்னல் கிடைத்ததும் போன் துடித்தது. அம்மாவிடமிருந்து மூன்று அழைப்புகள். நேற்று மதியம் பன்னிரண்டரை, பன்னிரண்டு முப்பத்துநான்கு, ஒன்று பத்து. நான் எடுக்க முடியாது என்று தெரிந்தும் ஏன் கூப்பிட்டாள்? உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. ஊரில் பதினொன்றரை ஆகியிருக்கும், தூங்கியிருப்பார்கள். காலையில் முதல் வேலையாக என்ன விஷயம் என்று கேட்க வேண்டும்.

செப்டம்பர் 9

காலை எட்டு மணிக்கு அண்ணனே கூப்பிட்டுவிட்டான்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டிருச்சு பாப்பா. கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பின்னால் ஆட்கள் பேசும் இரைச்சல். கொட்டுச் சத்தம்கூடக் கேட்டது. என்னண்ணே என்றேன். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றான்.

"அம்மா மூணு தடவ கூப்பிட்டுச்சே, எதுக்குண்ணே?"

"அது… கை பட்டுருக்கும்."

மூன்று தடவையா கை படும்? கேட்பதற்குள், "சாப்ட்டியா?" என்றான். பிறந்ததிலிருந்து என் அண்ணன் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. என் தட்டில் இருப்பதை எடுத்துத் தின்றுதான் பழக்கம். வைத்துவிட்டான்.

கீழே இறங்கினேன். டோருன் அடுப்புப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். காப்பியை வைத்தவர் என் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. இங்கே யாரும் யாரையும் இப்படித் தொடுவதில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

இன்று ஆப்பிள் பறிப்பு தொடங்கியது. காயைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருக வேண்டும். காம்போடு வந்துவிடும். கட்டைவிரலை அழுத்தினால் மறுநாள் அந்த இடம் பழுப்பாகிவிடும். காலையில் மட்டும் ஒன்பது காயில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு வழக்கமான கல்லில் போய் உட்கார்ந்தேன். போன் வராது என்று தெரியும், இருந்தாலும் கையில்தான் வைத்திருந்தேன். எதிரே கொடிக்கம்பம். என்ன விசேஷமோ, காலையிலேயே கொடி ஏற்றியிருந்தார்கள். ஆனால் பாதியிலேயே நின்றது. மே மாதம் சிக்கிய மாதிரியே உருளையில் கயிறு சிக்கியிருக்கிறது. பேச ஆளும் இல்லை, கை சும்மா இருக்கவும் மாட்டேன் என்கிறது. போய் அவிழ்த்து, ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். சிக்கல் ஒன்றும் இல்லாமல் சுலபமாகப் போனது. உச்சி வரைக்கும் ஏற்றிக் கட்டினேன்.

திரும்பினால் ஓட்வார் நிற்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தப்பாகச் செய்துவிட்டேனா?"

"இல்லை. சரியாகத்தான் செய்தாய்" என்றார்.

அப்புறம் வீட்டுக்குள் போனவர் மூன்று மணி வரைக்கும் தோட்டத்துக்கு வரவில்லை.

செப்டம்பர் 10

தொண்டை இன்னும் சரியாகவில்லையாம்.

செப்டம்பர் 13

அம்மாவின் குரலைப் பதிவு செய்து அண்ணன் அனுப்பியிருந்தான். "சாப்ட்டியா? மழ வர்ற மாதிரி இருக்கு. வெரசா வீட்டுக்கு வந்துரு." அவ்வளவுதான். தொண்டை கட்டின குரலாகத் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அக்டோபர் கடைசி என்று சொல்லியிருக்கிறேன், இவள் என்னடாவென்றால் மழைக்கு முன்னால் வந்துவிடச் சொல்கிறாள்.

பின்னால் மாரியம்மன் கோவில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கோவில் திருவிழா ஆடியில். இப்போது ஆவணி கடைசி. இந்த வருடம் தள்ளி வைத்திருப்பார்கள்.

பதினோரு தடவை கேட்டேன்.

செப்டம்பர் 18

வீடியோவில் வா என்று அண்ணனைப் பிடிவாதம் பிடித்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். துண்டு நழுவியது. மொட்டை.

"பழனிக்குப் போயிட்டு வந்தேன் பாப்பா. வேண்டுதல்."

மீசையும் இல்லை. மீசையையும் முருகனுக்கே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. சாமி கும்பிட வா என்றால் வேனைத் துடைக்க வேண்டும் என்று சொல்கிற ஆள்.

"அம்மாவக் காட்டுண்ணே."

"தூங்குது."

"தூங்குறதையே காட்டு."

"எழுப்பக் கூடாது பாப்பா, இப்பத்தான் கண்ண மூடுச்சு." அவனுக்குக் கண் சிவந்து வீங்கியிருந்தது. வேன் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் எங்கே இருக்கிறது. மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து போனாள். சரி அண்ணே, வைத்துவிடு என்றேன்.

இன்று இருபத்தாறு பெட்டி.

செப்டம்பர் 21

டோருன் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். சாப்பிடும்போது கேட்டார்: "முன்னாலேயே ஊருக்குப் போக விரும்புகிறாயா? டிக்கெட்டை நாங்கள் மாற்றித் தருகிறோம்."

எனக்குச் சுருக்கென்றது. என் பறிப்பில் குறையா என்று கேட்டேன். அடிபட்ட காய் இப்போது பெட்டிக்கு ஒன்றுகூட இல்லை, வேண்டுமானால் கொட்டிப் பாருங்கள் என்றேன். டோருன் புருஷனைப் பார்த்தார். ஓட்வார் உருளைக்கிழங்கைப் பார்த்தார். "இல்லை, உன் வேலை நல்ல வேலை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்குக் கோபம் தணியவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 24

இன்று ஊரில் யாரும் போனை எடுக்கவில்லை. அண்ணன் இல்லை, மதினி இல்லை, பக்கத்து வீட்டு அக்கா இல்லை. ஒரு தெருவே எங்கேயோ போயிருக்கிறது.

காலண்டரைப் பார்க்கவில்லை. நாட்களை எண்ணுகிற வேலை எனக்குப் பிடிக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்காமல் பறித்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு பெட்டி. இந்தத் தோட்டத்தில் இதுவரை ஒரு ஆள் ஒரு நாளில் அவ்வளவு பறித்ததில்லை என்று ஓட்வார் சொன்னார். சொன்னவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

அக்டோபர் 6

எதிர்ப்பண்ணைப் பெரியவர் ஸ்வேரே காலையில் இறந்துவிட்டார். ஆடு இறக்கப் போனபோது குடிலில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர். பத்து மணிக்கெல்லாம் அவர் வீட்டில் கொடி ஏறியது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், கரை நெடுக. ஒவ்வொன்றும் பாதிக் கம்பத்தில் நின்றது.

நான் ஏணியில் நின்றிருந்தேன். டோருன் கீழே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "எல்லார் வீட்டிலுமா கயிறு சிக்கியிருக்கிறது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ஊரில் மந்திரி செத்தால் கலெக்டர் ஆபீசில் அரைக்கம்பத்தில் பறப்பதை நான் பார்க்காதவளா?

"வீட்டில் சாவு என்றால் இப்படி" என்று டோருன் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

ஏணியிலிருந்து இறங்கினேன். "போன மாதம் ஒன்பதாம் தேதி நம் வீட்டில் யார் செத்தது?"

டோருன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு சின்னதாகிவிட்டது. கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, எதையோ தேடிக் காட்டினார். ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு அண்ணன் அனுப்பியது. என் விண்ணப்பத்தில் இருந்த நம்பரைப் பிடித்து, போனே மொழிபெயர்த்த நார்வே மொழியில் அனுப்பியிருக்கிறான். டோருன் ஒவ்வொரு வரியாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் அம்மா இன்று அதிகாலை இறந்துவிட்டார். தங்கையிடம் சொல்லாதீர்கள். அவள் தூரத்தில் தனியாக இருக்கிறாள். அவள் அழும்போது பக்கத்தில் யாரும் இல்லை."

"பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்" என்றார் டோருன். "நாங்கள் இருக்கிறோமே என்று பதில் எழுத எனக்குத் தோன்றவில்லை. சரி என்று எழுதிவிட்டேன். இருபத்தேழு நாளாக அதுதான் எனக்குச் சாப்பாடு இறங்காமல் செய்கிறது."

ஓட்வார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம். நம் கூரைக்குக் கீழே இருக்கிற பெண்ணின் அம்மா, கொடி போடாமல் இருக்க முடியாது என்று ஏற்றியிருக்கிறார். அடக்கம் முடிகிற நேரத்தில் அதை உச்சிக்கு ஏற்ற வேண்டும், அதுதான் இங்கே முறை. எத்தனை மணிக்கு என்று அண்ணனிடம் கேட்டார்களாம். நான்கு மணிக்கு என்று சொல்லியிருக்கிறான். இங்கே பன்னிரண்டரை. சொன்ன நேரத்துக்கு ஓட்வார் கொட்டகையிலிருந்து வந்து பார்த்தால், நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

டோருன் என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழவில்லை. வரிசையில் பாதி மரம் பாக்கி இருந்தது. ஏணியில் ஏறி அதை முடித்தேன். ஒரு காயில்கூடக் கட்டைவிரல் படவில்லை.

கயிறு சிக்கியிருக்கிறது என்று அன்றைக்கு இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மைக் செட்டையும் மீசையையும் எழுதியிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் திருப்பிப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். என்னைத் தவிர வேறு யாருக்காவது இந்தப் பக்கங்களைக் காட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

அக்டோபர் 7

படுத்தே இருந்தேன். டோருன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, எழுந்தும் போகவில்லை.

அக்டோபர் 11

அண்ணன் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டான்.

"அம்மா எப்பிடிண்ணே இருக்கு?"

"பரவால்ல பாப்பா. இப்ப தூங்குது."

"தூங்கட்டும்."

தெரியும் என்று சொல்லிவிட்டால் நாளையிலிருந்து அவன் அம்மா தூங்குகிறாள் என்று சொல்ல மாட்டான். அவன் ஒருவன் வாயில்தான் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அதை நானே கெடுக்க வேண்டுமா? டோருனிடமும் அண்ணனுக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை. "நீங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மறைக்கிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 15

அரோமா என்கிற கடைசி ரகம் பறிக்கிறோம். மலை உச்சியில் பனி விழுந்திருக்கிறது. ஏணியின் மேல் படியில் நின்று அழுதால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று கண்டுபிடித்திருக்கிறேன். ஓட்வார் தினமும் என் ஏணியைத் தோட்டத்தின் கடைசி மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். தெரியாது என்றா நினைத்தேன்?

அக்டோபர் 19

காலையில் அண்ணன் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். ஏணியில் நின்றபடியே போட்டேன். "சாப்ட்டியா? மழ வர்ற மாதிரி இருக்கு. வெரசா வீட்டுக்கு வந்துரு."

நடுவில் இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றாக வேறு வேறு பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தான். இது போன மாதம் முதலில் வந்த அதே பதிவு.

அவனிடம் தீர்ந்துவிட்டது. அவன் வேனில் வெளியூர் போகும்போது அம்மா அவனுக்கு அனுப்பிய பதிவுகள் இவை. எனக்குச் சொன்னது இல்லை, அவனுக்குச் சொன்னது. அதில் அவன் பெயர் வராததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, செத்துப்போன அம்மாவின் குரலைத் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டு, எனக்கு அனுப்பியிருக்கிறான். பத்துப் பதினைந்து பதிவை வைத்துக்கொண்டு நாற்பது நாள் எனக்கு அம்மாவை உயிரோடு வைத்திருந்திருக்கிறான். நான் ஏணியில் ஏறியாவது அழுதேன். என்னிடம் மறைக்க வேண்டியிருந்ததில் இவன் ஒரு தடவையாவது சத்தம் போட்டு அழுதிருப்பானா?

பன்னிரண்டரை வரை காத்திருக்கவில்லை. உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, எனக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"எல்லாம். நீ இனிமே ஒண்ணும் அனுப்ப வேணாம்."

வேன் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதை நிறுத்தினான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கொடி போட்டுருந்தாங்க." அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கேட்கவும் இல்லை.

"அம்மாதான் பாப்பா சொல்லக் கூடாதுன்னுச்சு. தேனிக்குக் கொண்டுபோகையில கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. அவ ஓடியாந்துருவா, வேல முடியட்டும்னு. நான் என்ன செய்ய?"

"ஒன்னைய ஒண்ணும் சொல்லலண்ணே."

"மொகத்தக்கூட ஒனக்குக் காட்டாம எடுத்துட்டேனே."

அவன் புலம்பி ஓயும்வரை விட்டேன். நாற்பத்திரண்டு நாளாக எனக்குள் இருந்த ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"மலையில இருக்கையில மூணு தடவ கூப்பிட்டுச்சே. என்னண்ணே சொல்லக் கூப்பிட்டுச்சு?"

"ஒன்ன நல்லா இருன்னு சொல்லத்தான் பாப்பா" என்றான் உடனே. "சந்தோசமாத்தான் இருந்துச்சு. எம்மக நல்லா வந்துருவான்னு சொல்லுச்சு."

அந்த வேகம் எனக்குத் தெரியும். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னபோதும், பழனிக்குப் போனேன் என்று சொன்னபோதும் இதே வேகம்தான்.

"போதும்ணே. நெசத்தச் சொல்லு."

வேன் கதவைத் திறந்து அவன் இறங்கும் சத்தம் கேட்டது. நான் வைக்கவில்லை.

"தெரியல பாப்பா" என்றான். "மூணாந்தடவ போட்டுட்டு வச்சப்ப நானும் கேட்டேன். என்னம்மா சொல்லணும், எங்கிட்டச் சொல்லு, நான் சொல்லிர்றேன்னேன். ஒங்கிட்ட எதுக்குடா சொல்லணும், அவகிட்டச் சொல்ல வேண்டியது, எறங்கி வந்து அவளே கூப்பிடுவான்னுச்சு. ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கையிலயும் போனக் கையிலயேதான் வச்சிருந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியல பாப்பா. சத்தியமாத் தெரியல."

நாற்பது நாளில் என் அண்ணன் என்னிடம் சொன்ன முதல் உண்மை இது. இனி யாரிடம் கேட்டும் இதற்கு மேல் தெரிந்துகொள்ள முடியாது. அவன் அழ ஆரம்பித்தான். நானும் அழுதேன். டோருன் ஏணியடியில் வந்து நின்று மேலே பார்த்தார். நான் இறங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே அழுதேன்.